எடுத்தாச்சு

ஊத்துக்கோட்டையைத் தாண்டிய பிறகு ஸம்பத்குமாருக்கு அந்தச் சைக்கிள் பந்தயம் என்பது ஒரு பெண்ணின் முதுகு மட்டும்தான். மற்ற எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். அந்த முதுகு இடமும் வலமுமாக லேசாக ஆடிக்கொண்டே போயிற்று. இடுப்புக்குச் சற்று மேலே, நான்கு ஊக்குகளால் ஜெர்சியில் குத்தியிருந்த எண் காற்றில் படபடத்தது.

வேனை ஓட்டிய மணவாளன் இரண்டாவது கியரை விட்டு மாறவே இல்லை.

"உரம் ஏத்தின ட்ராக்டராட்டம் போவுது சார். வண்டி சூடாவுது," என்றான்.

மணவாளன் காலையிலிருந்து பேசிக்கொண்டே வந்தான். அவர் காலையிலிருந்து பேசாமல் வந்தார். அதில் இருவருக்கும் குறையொன்றும் இல்லை.

அது பந்தயத்தின் கடைசி வண்டி. அவர் பக்கத்துச் சன்னலில் ஒரு பச்சைக் கொடி கட்டியிருந்தது. அந்தக் கொடி கடந்து போனதும் முனைகளில் நிற்பவர்கள் கயிற்றை அவிழ்ப்பார்கள். தடுப்புகளை ஓரமாக இழுத்துப் போடுவார்கள். அதுவரை நின்றிருந்த ஜனங்கள் மொத்தமாகச் சாலையில் இறங்குவார்கள். பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வருவது ஸம்பத்குமாருக்குப் பழக்கம். அவர்கள் போன இடமெல்லாம் பின்னால் மூடிக்கொண்டே வந்தது.

பெண்கள் பந்தயத்தில் கடைசி வண்டியில் உட்கார வேண்டியவள் நந்தினி. சைக்கிள் சங்கத்தில் இருந்த ஒரே பெண் நடுவர் அவள்தான். காலையில் கிளம்பும் நேரத்தில் அவளை, பந்தயம் முடியும் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். மேடையில் விருந்தினருக்குப் பூங்கொத்து எடுத்துக் கொடுக்க ஒரு பெண் வேண்டுமாம். அந்த இடத்துக்கு ஸம்பத்குமார் வந்திருந்தார். திருவள்ளூர்க் கோயில் தெருக்காரர். அண்ணன் கோயில் கைங்கரியத்தில் இருந்தார், இவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு, மேலே சங்கம் கொடுத்த தொப்பி. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அவருக்கும் தெரியும்.

முன்னால் போன பெண்ணின் பெயர் அருணா. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம், நெல் போடும் குடும்பம். திருவள்ளூரை விட்ட கொஞ்ச தூரத்திலேயே, ஒரு வேகத்தடையில் ஒருத்தி தடுமாறி விழ, அவள்மேல் இவள் விழுந்தாள். எழுந்து, கழன்ற செயினை மாட்டி, திரும்பிப்போன கைப்பிடியை முழங்காலுக்கு நடுவில் வைத்து நேராக்கிக்கொண்டு ஏறுவதற்குள் கூட்டம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அப்போதிலிருந்து தனியாகவே மிதிக்கிறாள். முழங்கையில் தோல் உரிந்த இடம் காய்ந்து கறுத்திருந்தது.

அவள் ஓட்டிய சைக்கிள் சங்கத்துடையது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அந்த மாதிரிச் சைக்கிள்கள் சங்கத்திடம் சிலதான் இருந்தன. இந்தப் பந்தயத்தை நேரத்துக்குள் முடிக்கிறவளிடம் அது இன்னும் ஒரு வருஷம் இருக்கும். முடிக்காதவள் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரிசையில் காத்திருக்கும் அடுத்தவளுக்குப் போகும். அந்த விதியை எழுதிய கூட்டத்தில் ஸம்பத்குமாரும் இருந்தார். நியாயமான விதி என்றுதான் அப்போது தோன்றியது.

காலையில் திருவள்ளூரில் அவள் அவரிடம் வந்து கேட்டாள்: "சார், முடிச்சிட்டா சைக்கிள் இந்த வருசமும் எங்கிட்டயேதான?"

"முடிச்சா உன்கிட்டதான்."

"ஊட்ல நைனா இன்னும் நம்பல சார். இத்த வாங்கினு பூடுவாங்கன்னே சொல்லினு கீறாரு," என்று சிரித்தாள்.

பெரியபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக அம்மனைப் பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்குப் பின்னால் வெயிலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தனியாக வந்த ஒரு சைக்கிளைப் பார்த்ததும் ஒருவன் கத்தினான்: "தங்கச்சி, அவங்கல்லாம் போய் நாஷ்டா துன்னுட்டாங்க. நீ இன்னும் இங்கியே சுத்தினு கீற!"

சிரிப்பு எழுந்தது. "ஓட்றா கண்ணு, அவன் கெடக்கறான்," என்றாள் இன்னொருத்தி. அருணா இரண்டு பக்கமும் திரும்பவில்லை. அடுத்த நிமிஷம் வேன் கடந்தது, கயிறு விழுந்தது, கூட்டம் சாலையை நிரப்பிக்கொண்டது.

ஆரணியைத் தாண்டியதும் காற்று எதிரில் வந்தது. கடல் பக்கத்துக் காற்று. அறுத்த வயல்களின் மேல் தடையில்லாமல் வந்து அடித்தது. அவள் கைப்பிடியோடு குனிந்துகொண்டாள். வேகம் இன்னும் குறைந்தது. ஸம்பத்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் வருகிறவள் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள். அதற்குள் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். முதல் ஆள் வந்து சேரும்வரை அந்த நேரம் எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. குத்துமதிப்புதான்.

மடியில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. ஜனார்தனன் குரல். பந்தயம் முழுவதற்கும் தலைமை நடுவர் அவர். முன்னால் காரில் இருந்தார்.

"ஸம்பத், கடைசி ஆள் எங்க இருக்கு?"

"ஆரணி தாண்டியாச்சு."

"எடுத்துடுங்க. எப்படியும் டைமுக்கு வராது. இங்க சிப்காட் முனையில கம்பெனி பஸ்ஸெல்லாம் நிக்குது, போலீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க, நான் ரோட்டைத் திறந்து விட்டுடறேன்."

எடுப்பது என்றால் எண்ணை எடுப்பது. முதுகில் எண் இருக்கும்வரை அவள் பந்தயத்தில் இருக்கிறாள். அதை நடுவர் கழற்றிக்கொண்ட பிறகு அவள் சாலையில் போகிற யாரோ ஒருத்தி.

"முன்னாடி போய் நிறுத்து," என்றார் ஸம்பத்குமார்.

மணவாளன் ஒருமுறை அவரைப் பார்த்தான். பிறகு முந்திப்போய் ஓரத்தில் நிறுத்தினான். அவர் இறங்கிக் கையை நீட்டினார். அருணா ஒரு காலை ஊன்றி நின்றாள். மற்றக் கால் பெடலிலேயே இருந்தது.

"வேணாம் சார்."

"நம்பரைக் கழட்டிக் குடும்மா. வேன்ல ஏறிக்கோ."

"என்னால முடியும் சார். காத்துதான். கவரப்பேட்டை போனா காத்து மாறிடும்."

"மேலேருந்து சொல்லிட்டாங்க."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு, "நான் கழட்ட மாட்டேன் சார். எடுக்கணும்னா நீங்க எடுத்துக்குங்க," என்று முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள்.

ஸம்பத்குமார் கையை உயர்த்தினார். வியர்வையில் ஜெர்சி உடம்போடு ஒட்டியிருந்தது. உப்பு வெள்ளைக் கோடுகளாகப் பூத்திருந்தது. ஊக்கைக் கழற்ற வேண்டுமானால் துணிக்கு அடியில் விரலை விட்டுத்தான் கழற்ற முடியும். அவருடைய மகள் மிருதுளா பெரியவளான பிறகு அவளைக்கூட அவர் முதுகில் தட்டிக் கொடுத்தது கிடையாது. சாலையோரத்தில் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டுக் கையில் செல்போனோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கீழே இறங்கிவிட்டது.

"இன்னா சார், ஊக்குதான?" என்றான் மணவாளன், சன்னல் வழியாக.

"நீ வந்து எடேன்."

"நானா? தெருவுல வெச்சி என்ன வெளுத்து எடுக்கறதுக்கா? நல்லா சொன்ன போ."

கொஞ்சம் தள்ளி, சாலையோரத்தில் ஒரு பெண்மணி குவித்து வைத்திருந்த நெல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பந்தயத்துக்காகக் காலையில் தார்ச்சாலையிலிருந்து நெல்லை வாரிக் குவிக்கச் சொல்லியிருந்தார்கள். எப்போது மறுபடி பரப்பலாம் என்று காத்திருந்தாள். ஸம்பத்குமார் அவளை நோக்கி நடந்தார்.

நடக்கும்போதே வாக்கி மறுபடி பேசிற்று. "எடுத்தாச்சா?"

"இதோ."

"ஸம்பத், எடுத்தாச்சா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்க என்னைப் போட்டுப் பிடுங்கறாங்க."

எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதை வாக்கியில் சொல்ல முடியாது. அது எல்லா வண்டிகளுக்கும் பொது. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். ஊக்கைத் தொடக் கூச்சமாக இருக்கிறது என்று சொன்னால் முன்னால் போகும் அத்தனை கார்களிலும் சிரிப்பார்கள். எப்படியும் இன்னும் ஒரு நிமிஷத்தில் அந்தப் பெண்மணி எடுத்துவிடப் போகிறாள்.

"எடுத்தாச்சு," என்றார்.

"ரைட். தேங்க்ஸ்." உடனே வேறு யாரிடமோ ஜனார்தனன் சொல்வதும் கேட்டது: "புதுவாயலிலிருந்து எல்லா முனையும் ஓப்பன் பண்ணிடுங்க. கடைசி ஆள் எடுத்தாச்சு. எல்லாரும் கிளம்பி வந்துடலாம்."

அந்தப் பெண்மணி பெயர் கங்கம்மா என்று பிறகு மணவாளன் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. ஸம்பத்குமார் சொன்னதைக் கேட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அருணாவின் முழங்கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாந்தோலு போயிக்கீது? மஞ்சா வெக்கலியா?"

"ஊட்டுக்குப் போய் வெச்சிக்கறேன்க்கா."

"இன்னாத்த கழட்டணும் சாமி? இந்தத் துணியா?"

"ஆமாம். நாலு ஊக்கு. சித்த எடுத்துக் குடுங்கோ."

கங்கம்மா குனிந்து ஒரு ஊக்கைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "கழட்டினா?"

"இவ ஓட்டறதை நிறுத்திக்கணும்."

"ஏம்மா, உனக்கு நிறுத்தணுமா?"

"இல்லக்கா."

கங்கம்மா கையை எடுத்துக்கொண்டாள். "அப்போ நான் எதுக்குக் கழட்டணும்? அவ ஓட்றேன்றா. நிறுத்தச் சொல்றது நீ. நீயே கழட்டிக்கோ சாமி. காலங்காத்தால நெல்ல வாரச் சொன்னீங்க, வாரினேன். இதையும் நான்தான் செய்யணுமா?" நெல்லை நோக்கித் திரும்பி நடந்தாள். "ரோட்ட எப்போ உடுவீங்க? அடியில ஈரமா கெடக்குது," என்றாள் போகிற போக்கில்.

அவர் அவள் பின்னாலேயே போனார். கெஞ்சுவதற்கா, வேறு எதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. நெல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபோது வாக்கி மறுபடி பேசிற்று.

"எல்லா வண்டிக்கும். முன்னாடி குரூப் எதிர்க்காத்துல மாட்டிக்கிச்சு, ரொம்ப ஸ்லோ. இப்பதான் கோட்டுக்கு வர்றாங்க. டைம் லிமிட் நாம நினைச்சதைவிட நல்லாவே தள்ளிப் போகும்." கொஞ்சம் நிறுத்தி, "ஸம்பத், அந்தப் பொண்ணை விட்டிருந்தா வந்திருக்கும்போல. பரவாயில்லை, எடுத்தது எடுத்தாச்சு," என்றார்.

ஸம்பத்குமார் வாக்கியின் பொத்தானை அழுத்தினார். அழுத்தியபடியே நின்றார். தன் மூச்சு மட்டும் எல்லா வண்டிகளிலும் கேட்கிறது என்ற நினைவு வந்ததும் விட்டுவிட்டார்.

திரும்பி வந்து, "டைம் இருக்காம். போ," என்றார்.

அருணா ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு காலும் பெடலுக்குப் போயிற்று. வேன் கிளம்புவதற்குள் தூரம் போய்விட்டாள்.

மணவாளன் கொஞ்ச நேரம் சந்தோஷமாக ஓட்டினான். "பாத்தியா சார், நின்னதுல ரெஸ்ட் எடுத்துக்கிச்சு. இப்போ இன்னா வேகம் பாரு."

உண்மைதான். அவள் இப்போது வேறு மாதிரி மிதித்தாள். தோள் ஆடவில்லை. ஸம்பத்குமார் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். புதுவாயலில் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறினால், கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. வழி மற்ற வண்டிகளுக்கு மூடியிருந்தால், நிற்காமல் போனால், வந்துவிடுவாள். சாலை மூடியிருந்தால்.

எதிரில் ஒரு மீன் வண்டி வந்தது. பிறகு ஒரு ஆட்டோ. பிறகு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பைக்.

"இன்னா சார் இது? நாம இன்னும் போவலியே, அதுக்குள்ள ரோட்ட தொறந்துட்டானுங்க?"

அவர் சன்னலில் ஆடிய பச்சைக் கொடியைப் பார்த்தார்.

புதுவாயல் முனையில் யாரும் இல்லை. தடுப்புகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தியிருந்தன. நெடுஞ்சாலையில் இடது ஓரம் முழுக்கக் கூம்புகள் வைத்து மறித்திருந்த பாதையில் இப்போது ஒரு டெம்போ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்த ஆள் ஒவ்வொரு கூம்பாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். அதுவரை நிறுத்தி வைத்திருந்த கண்டெய்னர் லாரிகள் ஒரே சமயத்தில் கிளம்பியிருந்தன. துறைமுகத்திலிருந்து வந்தவை, ஆந்திரா பக்கம் போகிறவை, ஒன்றின் வால் தெரியாமல் இன்னொன்று. அருணா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வேன் வருகிறது என்று தெரிந்ததும் அவற்றின் நடுவில் நுழைந்தாள்.

மணவாளன் பின்விளக்குகளைப் போட்டு, மற்ற வண்டிகள் அவளை நெருங்காதபடி வேனைக் குறுக்கே வைத்து ஓட்டினான். பின்னால் ஹாரன்கள் கத்தின. அவன் குரல் இறங்கியிருந்தது.

"சார். நீ வாக்கில இன்னா சொன்ன?"

"எடுத்தாச்சுன்னு சொன்னேன்."

"எப்போ?"

"அந்த அம்மாகிட்ட போகும்போது."

மணவாளன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்தான். "இப்பவாவது சொல்லிடு சார். எடுக்கல, ஓட்டினு வருதுன்னு சொல்லு. சிப்காட் முனையையாவது புடிச்சி நிறுத்துவாங்க."

ஸம்பத்குமார் வாக்கியை எடுத்தார். அதில் இப்போது பந்தயமே இல்லை. மைக் வேலை செய்யவில்லை, இன்னொரு மைக் கொண்டுவாருங்கள் என்று ஒரு குரல். விருந்தினர் கிளம்ப வேண்டுமாம், பூங்கொத்து எங்கே என்று இன்னொரு குரல். இதற்கு நடுவில் புகுந்து, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. வாய்க்குள் அவற்றை அடுக்கிப் பார்த்தார். அடுக்கினால் ஒவ்வொரு முறையும் கூடவே ஏன் என்ற கேள்வியும் வந்து நின்றது. இந்தக் குரல் முடியட்டும் என்று காத்தார். அது முடிந்ததும் அடுத்தது வந்தது. கவரைப்பேட்டை கடந்துபோயிற்று.

காற்று மாறவில்லை.

"நான் வண்டிய முன்னாடி உட்டுக்கறேன் சார்," என்றான் மணவாளன். "என் பின்னாடி வந்தா அதுக்குக் காத்து அடிக்காது. லாரிக்காரனும் ஒதுங்குவான்."

"வண்டி மறைவுல வரக்கூடாது. ரூல்."

"ரூலா? இப்போ எந்த ரூல் சார் மிச்சம் கீது?"

"வேண்டாம் மணவாளா. அந்தத் தப்பும் சேர்ந்துடும்."

மணவாளன் ஏதோ முனகினான். தெலுங்கில் திட்டினான் என்று தோன்றியது. வேன் பின்னாலேயே போயிற்று. ஒரு லாரி அவளை ஒட்டி முந்தியபோது அதன் காற்று சைக்கிளை ஓரமாகத் தள்ளியது. மணலில் சக்கரம் இறங்கி, அவள் காலை ஊன்றாமலே மறுபடி மேலே ஏற்றிக்கொண்டாள். ஸம்பத்குமார் தன்னையறியாமல் முன்பக்கப் பலகையைப் பிடித்திருந்தார்.

சிப்காட் முனையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. காலையிலிருந்து நிறுத்தி வைத்த கம்பெனி பஸ்கள் வரிசையாக வளைந்துகொண்டிருந்தன. மஞ்சள் பஸ், வெள்ளை பஸ், அதற்குப் பின்னால் இரும்புக்கட்டி ஏற்றிய டிரெய்லர். போக வழியில்லை. அருணா நின்றாள். காலை ஊன்றி, கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு பஸ் அவளுக்கு மிக அருகில் நின்று நகர்ந்தது. சன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

டிரெய்லர் பாதி திரும்பியதில் மாட்டிக்கொண்டது. பின்னால் எடுத்தது. மறுபடி முன்னால் வந்தது.

ஸம்பத்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் வந்தவளின் நேரத்தை வழியிலேயே வாக்கியில் சொல்லியிருந்தார்கள். கணக்கு அவருக்குக் கைவந்தது. முள் கெடு நேரத்துக்கு வந்து, அங்கே நிற்காமல் தாண்டிப் போவதை அவர் பார்த்தார். அவர் கையை மடக்கிக் கடிகாரத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

வழி கிடைத்ததும் அருணா எழுந்து நின்று மிதித்தாள். நேரம் தாண்டிவிட்டது அவளுக்குத் தெரியாது. தொழிற்பேட்டைக்குள் இரண்டு பக்கமும் மதிற்சுவர்கள், மேலே ஒரு புகைபோக்கி, நேரான சாலை. அந்த நேரான சாலையில் அவள் முழுப் பந்தயத்திலும் ஓட்டாத வேகத்தில் ஓட்டினாள். கூப்பிட்டு நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். நிறுத்தி என்ன சொல்வது? வேனின் முன்கண்ணாடி வழியாக அந்த முதுகு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முடிவுக் கோட்டில் காற்றடித்து நிறுத்தியிருந்த வளைவை இறக்கிவிட்டிருந்தார்கள். காற்று போன பெரிய துணி சாலையின் குறுக்கே கிடந்தது; இரண்டு பேர் அதன்மேல் நடந்து காற்றை வெளியே மிதித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைப் பார்த்துப் பதறி ஒரு பக்கத்தை இழுத்தார்கள். அருணா தலையைக் குனிந்தபடி அந்த இடைவெளி வழியாகக் கோட்டைக் கடந்தாள். கடந்து, நின்று, சுற்றிலும் பார்த்தாள். நேரம் குறிக்கிறவர்களின் மேசை மடித்துச் சாத்தியிருந்தது.

முதலில் ஓடிவந்தவள் நந்தினி. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு, "சார், இவங்க நம்பர் எடுத்தாச்சுன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

ஜனார்தனன் வந்தார். கழுத்தில் யாரோ போட்ட சால்வை இன்னும் இருந்தது. அருணாவைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், பிறகு ஸம்பத்குமாரைப் பார்த்தார்.

"என்ன ஸம்பத் இது?"

"நான் எடுக்கலை."

"எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே. அதைக் கேட்டுத்தானே எல்லா முனையும் திறந்தேன்."

"சொன்னேன். எடுக்கலை."

"டைம் லிமிட் தள்ளிப் போகுதுன்னு நான் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே. மறுபடி மூடச் சொல்லியிருப்பேன். இங்க ஆளுங்க இருந்தாங்க. ஒரு வார்த்தை..." அவர் கோபமாகப் பேசவில்லை. புரியாமல் பேசினார். "ஏன்?"

அருணா பாட்டிலை வாயிலிருந்து எடுத்திருந்தாள். மணவாளன் வேன் கதவைப் பிடித்தபடி நின்றான். ஸம்பத்குமார் வாயைத் திறந்தார். ஆரணியில் அவ்வளவு பெரியதாக இருந்த காரணம் இங்கே சொல்ல எடுத்தபோது கையில் எதுவும் இல்லை. நான்கு ஊக்கு.

ஜனார்தனன் நேரத்தைப் பார்த்தார். "இப்பவும் லிமிட் தாண்டிடுச்சு. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு அருணாவிடம், "ரோடு அப்படி இருந்திருக்கக் கூடாதும்மா. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். சைக்கிள் அந்த டெம்போல போகும். ஏத்திடு," என்று சொல்லி, கண்ணைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தார்.

அருணா அழவில்லை. கொஞ்ச நேரம் சைக்கிளின் மேல் கை வைத்து நின்றாள். பிறகு மணவாளனைக் கேட்டாள்: "அண்ணா, ஸ்பானர் கீதா? பெடல் ரெண்டும் என்னுது. ஷூவோட வாங்கினது. கழட்டிக்கறேன்."

அவன் கொண்டுவந்தான். ஸம்பத்குமார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்; யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து வலது பெடலைத் திருகினாள். எளிதாக வந்துவிட்டது. இடது பெடல் வரவில்லை. காலையில் விழுந்தபோது அந்தப் பக்கம்தான் தரையில் அடித்திருந்தது. மணவாளன் முயன்றான். ஸ்பானர் வழுக்கி அவன் விரல் முட்டியில் ரத்தம் வந்தது.

"குடு, நான் பாக்கறேன்," என்றார் ஸம்பத்குமார். உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினார். இரும்பு அசையவில்லை. தொப்பி கீழே விழுந்தது. மறுபடி அழுத்தினார். டெம்போக்காரன் ஹாரன் அடித்தான்.

"உடுங்க சார்," என்றாள் அருணா.

"நான் வீட்டுக்கு எடுத்துண்டு போய்க் கழட்டி அனுப்பறேன். எண்ணெய் விட்டா வந்துடும்."

"வேணாம் சார். அது இல்லாம அடுத்தவங்க எப்டி ஓட்டுவாங்க? ஒண்ணுதான கீது, அவங்களே இன்னொண்ணு வாங்கிப்பாங்க."

அவள் எழுந்தாள். கழற்றிய பெடலைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"எடுக்கலன்னு சொல்லியிருக்கலாம் சார் நீங்க," என்றாள். கேள்வியாகவோ குற்றமாகவோ அது இல்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி இருந்தது.

பிறகு, அடியில் கொக்கி வைத்த அந்த ஷூவிலேயே, கல்லில் டக் டக்கென்று சத்தம் கேட்க, பஸ் நிற்கும் முனையை நோக்கி நடந்தாள். நந்தினி செருப்பு இருக்கிறது, இரு என்று பின்னாலேயே போனாள். ஸம்பத்குமார் சைக்கிளைத் தூக்கினார். அது அவர் நினைத்ததைவிட லேசாக இருந்தது. டெம்போவில் நின்றவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.